இலவசம் என்றால் எல்லாருக்குமா? பார்மசி கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பார்மசியில் பதினொரு வருடமாக நிற்கிறேன். மருந்து எடுக்க வருகிறவர்கள் மருந்தோடு மட்டும் திரும்பிப் போவதில்லை. விலையைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு, அதற்குப் பிறகு அரசியல். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கினால் இன்னும் கூடும், கனடாவில் அப்படி, சுவிஸில் இப்படி, இங்கே மட்டும் ஏன் இப்படி என்று. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை, பொருளாதாரம் படித்தவனும் இல்லை, வாசிக்கிற பழக்கம் மட்டும் உண்டு.

"எல்லாருக்கும் சுகாதாரம்" எண்டு டிசம்பர் மாசத்தில ரேடியோவில சொல்லுகினம். ஆஸ்பத்திரி இலவசம் எண்டதைத்தானே சொல்லுகினம்?

முழுக்க அது இல்லை. எல்லாருக்குமான சுகாதாரக் காப்பு, ஆங்கிலத்தில் Universal Health Coverage என்று அதற்குப் பெயர். டிசம்பர் 12ஐ அதற்கான நாளாக வைத்திருக்கிறார்கள், 2012இல் அதே திகதியில்தான் ஐ.நா. பொதுச்சபை இதைப் பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்: யாராக இருந்தாலும், தேவையான தரமான சிகிச்சை, தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில் கிடைக்க வேண்டும், அதற்காக அந்தக் குடும்பம் கடனில் விழக்கூடாது.

2010இல் அதே நிறுவனம் இதை ஒரு பெட்டி மாதிரி வரைந்து காட்டியது. பெட்டிக்கு மூன்று அளவு. யார் யார் உள்ளே இருக்கிறார்கள், எந்தெந்தச் சிகிச்சை உள்ளே இருக்கிறது, மிச்சக் காசு யார் கையிலிருந்து போகிறது. ஒரு அளவை மட்டும் நீட்டிவிட்டு மற்ற இரண்டையும் சுருக்கினால் அது பெட்டியாக நிற்காது, தகடாகிவிடும். நாடு முழுக்க எல்லாருக்கும் பரசிற்றமோல் இலவசம் என்று ஒரு அரசாங்கம் அறிவித்தால் ஆள் கணக்கில் அது நூற்றுக்கு நூறுதான், ஆனால் நெஞ்சு வலியோடு வருகிறவர் என்ன செய்வது? கீழே வரும் பதில் எல்லாமே இந்த மூன்று கேள்வியைச் சுற்றித்தான் போகும், ஆகையால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பு எண்டால் இன்சூரன்ஸ் எடுக்கிறதோ? என்னட்டை ஒரு பொலிசியும் இல்லையே.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் தமிழ்ச் சொல்தான். இந்தியாவில் காப்பீடு என்று எழுதுகிறார்கள், அங்கே அதற்கு இன்சூரன்ஸ் என்றே பொருள். இங்கே "உலகளாவிய சுகாதாரப் பாதுகாப்பு" என்று நோட்டீஸில் போடுகிறார்கள், வாசிக்கிறவர் ஏதோ உலகம் முழுக்க வைத்தியம் பார்க்கலாம் போல என்று நினைக்கிறார். எனக்குக் காப்பு என்ற சொல்லே பிடிக்கும், கோயிலில் கையில் கட்டுகிற காப்பு. கட்டுகிற ஐயர் சம்பளத் துண்டு கேட்பதில்லை.

காசு வருகிற வழி நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டன் 1948 ஜூலை 5இலிருந்து பெரும்பாலும் வரிக்காசில் நடத்துகிறது, நாங்களும் அந்த வழிதான். ஜேர்மனி 1883இல் பிஸ்மார்க் காலத்திலிருந்து தொழிலாளியும் முதலாளியும் கட்டுகிற கட்டாயப் பணத்தில் நடத்துகிறது. இரண்டு வழியாலும் போய்ச் சேரலாம். விரும்பினவர் மட்டும் பொலிசி எடுக்கலாம் என்று விட்ட இடத்தில்தான் எல்லாரும் உள்ளே வருவதில்லை. சுகமாக இருக்கிறவன் எனக்கெதற்கு என்று வெளியே நிற்பான், வருத்தக்காரர் மட்டும் சேருவார்கள், கட்டணம் ஏறும், ஏற ஏற இன்னும் கொஞ்சப் பேர் கழருவார்கள்.

1951இலயிருந்தே எங்களுக்கு எல்லாம் இலவசம். பிறகென்ன ஆராய்ச்சி?

அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது 1951இல் என்பது சரி. கதை அதற்கு முன்னமே தொடங்கிவிட்டது. 1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது, 1934-35இல் மலேரியா வந்து ஆயிரக்கணக்கில் சனத்தை வாரிக்கொண்டு போனது, இரண்டும் சேர்ந்தபோது வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சனம் ஆஸ்பத்திரி கேட்கத் தொடங்கியது. எங்களுக்கு அதற்குக் கீழேயும் ஒரு அடுக்கு உண்டு. அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்ததோடு தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தும் போனார். இலவசம் என்பதும் கோடு கீறினமாதிரி நேராக வரவில்லை, 1971இல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் வாங்கத் தொடங்கி, 1977இல் அதையும் நீக்கினார்கள்.

பெட்டியின் முதல் அளவில், அதாவது யார் உள்ளே என்பதில், நாங்கள் பல பணக்கார நாடுகளுக்கு மேல். வாட்டில் அனுமதிக்க முதல் யாரும் கார்ட் கேட்பதில்லை, என்ன வேலை என்று கேட்பதில்லை. கர்ப்பிணியின் வீட்டுக்கே குடும்பநல மாது போகிறார். 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழும் வாங்கிவிட்டோம். 1934ஐ நினைத்துப் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை. ஓட்டை மற்ற இரண்டு அளவிலும்தான் இருக்கிறது.

அப்ப ஏன் தம்பி உங்கட கடையில இவ்வளவு சனம்?

இதைக் கேட்டவரின் கையிலேயே பதில் இருந்தது. கிளினிக் கொப்பி, அதற்குள் நாலாக மடித்த ஒரு துண்டு, "வெளியில வாங்குங்கோ" என்று சொல்லிக் கொடுத்தது. டொக்டர் இலவசம், வாட்டு இலவசம், சத்திரசிகிச்சையும் இலவசம், ஆனால் அங்கே இல்லாத மருந்து, அங்கே அன்றைக்குச் செய்யாத பரிசோதனை, பின்னேரம் தனியாரில் டொக்டரைச் சனல் பண்ணுகிற காசு எல்லாம் எங்கள் சட்டைப்பையிலிருந்து. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் கிட்டத்தட்டப் பாதி இப்படிச் சனத்தின் கையிலிருந்து நேரே போகிறது. இலவச சுகாதாரம் என்று பெயர் எடுத்த நாட்டுக்கு அது பெரிய பங்கு.

ஒரு அம்மா மாசாமாசம் வருவார். கொப்பிக்குப் பழைய கலண்டர் தாளில் உறை போட்டிருப்பார். பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்துவிடும், மூன்றாவது மருந்து ஒன்று மட்டும் பல மாதம் வெளியில்தான். ஒரு மாதத்துக்கு எழுதியிருக்கும். விலையை இரண்டு தரம் கேட்பார், அப்புறம் "பத்து நாளைக்குத் தாங்கோ தம்பி" என்பார். நான் கத்தரிக்கோலை எடுத்துக் குளிசை அட்டையை வெட்டுவேன். வெட்டும்போது திகதி அச்சடித்த நுனி எங்கள் பக்கம் மிஞ்சுகிற மாதிரித்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. அப்படியென்றால் அந்த அம்மா கொண்டுபோகிற பத்துக் குளிசையில் திகதி இருக்காது. பேப்பர் உறையில் பேனையால் எழுதிக் கொடுப்பேன். பத்து நாள் முடிந்து பதினொராம் நாள் அவர் வந்ததை நான் கண்டதில்லை, அடுத்த மாதம்தான் வருவார்.

2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தபோது டொலர் இல்லை, மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி, ஆகவே ஆஸ்பத்திரியிலும் இல்லை எங்களிடமும் இல்லை. அந்த நேரம் கையில் காசு வைத்திருந்தவரும் வெறுங்கையோடு போனார். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, மருத்துவம் அப்போதும் இலவசம்தான்.

கனடாவில எல்லாம் ஃப்ரீ எண்டு மாமா சொல்லுறார். உண்மையோ?

டொக்டரும் ஆஸ்பத்திரியும் உண்மை. 1962இல் சஸ்காச்சுவான் மாகாணம் தொடங்கியபோது டொக்டர்மார் வேலைநிறுத்தமே செய்தார்கள், பிறகு நாடு முழுக்கப் பரவி, 1984இல் கனடா சுகாதாரச் சட்டம் வந்தது. நோயாளியிடம் மேலதிகமாகக் காசு வாங்க விடுகிற மாகாணத்துக்கு மத்திய அரசு கொடுக்கிற பணத்தில் வெட்டு விழும். கெட்டிக்காரத்தனமான சட்டம்.

ஆனால் பெட்டியின் இரண்டாவது அளவைப் பாருங்கள், எது உள்ளே? ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்குகிற மருந்து அந்தச் சட்டத்துக்குள் இல்லை, பல்லும் இல்லை. வேலை செய்கிற இடத்து இன்சூரன்ஸ் இருந்தால் தப்பலாம், ஒன்ராறியோவில் 65 தாண்டினால் மாகாணம் பெரும்பகுதி தரும், நடுவில் நிற்கிறவர்கள் கவுண்டரில் காசு எண்ணித்தான் வைக்க வேண்டும். 2024இல்தான் குறைந்த, நடுத்தர வருமானக்காரருக்குப் பல் வைத்தியத் திட்டம் ஓடத் தொடங்கியது, அதே வருடம் மருந்துக்கும் ஒரு சட்டம் வந்தது, முதல் படியாகச் சீனி வருத்த மருந்தும் கருத்தடையும், அதுவும் மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கைச்சாத்திட வேண்டும். மாமாவிடம் பல் கட்ட எவ்வளவு போனது என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். ஊருக்கு வரும்போது பல்லையும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர் என்று பல் டொக்டர்மாருக்குத் தெரியும்.

லண்டனிலயாவது முழுக்க இலவசமோ?

இங்கிலாந்தில் மருந்துக்குக் கட்டணம் உண்டு, 2024இல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண். 60 தாண்டினவருக்கும் பிள்ளைகளுக்கும் வேறு சிலருக்கும் இல்லை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் யாருக்குமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் பெவன், பொய்ப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் காசு வாங்கப்போகிறார்கள் என்று பதவியை விட்டது 1951இல். நாங்கள் கட்டணத்தை நீக்கிய அதே வருடம்.

அதற்காக இங்கிலாந்தை எல்லாருக்குமான பட்டியலிலிருந்து வெட்டுகிறவர் யாரும் இல்லை. சின்னக் கட்டணம் இருப்பது குற்றமில்லை, அதைக் கட்ட முடியாதவர் யார் என்று முதலே யோசித்து அவரை விலக்கி வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நாங்கள் சுவிஸில மாசாமாசம் கொம்பனிக்குக் காசு கட்டுறம் அண்ணை. அது எப்பிடி எல்லாருக்குமானதாகும்?

ஆகும். 1996இலிருந்து அங்கே அடிப்படைக் காப்புறுதி எல்லாருக்கும் கட்டாயம், கொம்பனி யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, பழைய வருத்தம் இருந்தாலும் எடுத்தே ஆகவேண்டும், வருமானம் குறைந்தவருக்கு மாநிலம் ஒரு பங்கு கட்டும். முதல் அளவில் பிழையே சொல்ல முடியாது.

மூன்றாவது அளவில் சொல்லலாம். வருடத்தின் முதல் 300 பிராங் உங்கள் கையிலிருந்து, மாதக் கட்டணம் குறைய வேண்டுமென்று 2500 வரை ஏற்றியும் வைக்கலாம், அதற்கு மேலேயும் 10% ஒரு எல்லை வரை நீங்கள்தான். 2500ஐத் தெரிவு செய்துவிட்டு, காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் போகாமல் எங்களிடம் வட்ஸ்அப்பில் படம் அனுப்பி இது என்ன மருந்து என்று கேட்கிற சுவிஸ் தம்பிமார் எனக்கு நாலு பேர் உண்டு. எல்லாருக்குமான காப்பு உள்ள நாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக் கவுண்டருக்கு! 2014இல் ஒரே அரச காப்புறுதி வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், சனமே வேண்டாம் என்றது, ஆகையால் குறையும் அவர்கள் தெரிவுதான்.

அமெரிக்கா எவ்வளவு பெரிய பணக்கார நாடு, அதை ஏன் சேர்க்கினம் இல்லை?

முதல் கேள்வியிலேயே தோற்பதால். வயது போனவர்களுக்கும் வறியவர்களுக்கும் 1965இல் இரண்டு திட்டம் வந்தது, 2010இல் ஒபாமா சட்டம் இன்னும் பல கோடிப் பேரை உள்ளே எடுத்தது, இருந்தும் 2023இல் ஏறத்தாழ 2 கோடி 60 லட்சம் பேர் காப்புறுதி இல்லாமல் இருந்தார்கள். எங்கள் நாட்டு மொத்தச் சனத்தொகையைவிடக் கூட. அவசரப் பிரிவுக்குப் போனால் திருப்பி அனுப்பமாட்டார்களே என்பார்கள், 1986இலிருந்து அப்படிச் சட்டம் உண்டு, உயிரைப் பிடித்து வைப்பார்கள், பில் பிறகு வீட்டுக்கு வரும்.

இந்தியாவில 5 லட்சம் ரூபா கார்ட் குடுக்கினமாம். எங்களைவிட அது மேல்தானே?

2018இல் தொடங்கிய திட்டம் அது, ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் இந்திய ரூபா வரை. கேட்க நல்ல தொகை. ஆனால் வறிய குடும்பங்களுக்கென்று ஆரம்பித்தது, 2024இல்தான் 70 வயதானவர் எல்லாரையும் சேர்த்தார்கள், முக்கியமாக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டால்தான் அந்தக் காசு. சீனி வருத்தக்காரர் மாசாமாசம் வாங்குகிற குளிசைக்கு அந்தக் கார்ட் உதவாது. இதய சத்திரசிகிச்சைக்குக் காசு தந்து, இதயம் பழுதாகாமல் காக்கிற குளிசைக்குத் தராத கார்ட் என்று நான் சொன்னால் என் தொழில் புத்தி என்பீர்கள்.

தமிழ்நாட்டில் எனக்குப் பிடித்தது வேறொன்று. 2021 ஓகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்", பிறஷர், சீனி மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தக் கலண்டர் தாள் அம்மாவுக்கு வேண்டியது 5 லட்சம் இல்லை, இதுதான்.

ஸ்கானுக்கு நாலு மாசம் தள்ளித் திகதி தந்தால் அது காப்போ?

முதல் பதிலில் "தேவைப்படும் நேரத்தில்" என்று ஒரு சொல் வந்ததே, அது இதற்குத்தான். 2005இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் கியூபெக் மாகாணத்து வழக்கொன்று வந்தது. சிகிச்சைக்கான வரிசையில் இடம் கிடைப்பது சிகிச்சை கிடைப்பதாகாது என்ற கருத்தைத் தலைமை நீதியரசரே எழுதினார்.

எல்லாக் காத்திருப்பும் பிழை என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால்காரரை இருத்திவிட்டு நெஞ்சுவலிக்காரரை முதலில் எடுப்பது நியாயம். காசு இருக்கிறவர் வரிசையைத் தாண்டிப் போகலாம் என்ற இடத்தில்தான் அது புளிக்கிறது. என் அப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் நாலு மாதம் தள்ளி ஸ்கான் திகதி கொடுத்தார்கள், பெயர் வேண்டாம். ஐந்தாம் நாள் வெளியில் காசு கொடுத்து எடுத்தோம், ரிப்போர்ட்டை அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அதற்குப் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. எங்களால் முடிந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் என்ன செய்தார் என்று தெரியாது, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அரச டொக்டர்மார் வேலை முடிந்த பிறகு தனியாரில் பார்க்க இங்கே அனுமதி உண்டு. அதைத் திட்டுகிறவர்கள் நிறைய. அதுவும் இல்லையென்றால் இன்னும் எத்தனை பேர் விமானம் ஏறியிருப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது, எனக்கே ஒரு முடிவு இல்லை.

நெடுந்தீவில ஆஸ்பத்திரி இருக்குதுதானே, பிறகு ஏன் குறை?

இருக்கிறது. இலவசமும்தான். ஆனால் சத்திரசிகிச்சைக்கோ பெரிய டொக்டரிடமோ போவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டி யாழ்ப்பாணத்துக்கு பஸ். கிளினிக்குக்கு வருகிற நெடுந்தீவுக்காரரைக் கடையில் இலகுவாக அடையாளம் கண்டுபிடிக்கலாம், மருந்தைவிட மணிக்கூட்டைத்தான் கூடப் பார்ப்பார், பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு தங்க வேண்டும். ஒரு நாள் கூலியும் போச்சு. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் வருகிற அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு 2018 ஜூலையில் வந்தது, அருமையான சேவை, ஆனால் அது கடலில் ஓடாது. இரவில் யாருக்கும் கடுமை என்றால் கடற்படைப் படகு வர வேண்டும், காற்றுக் காலத்தில் அதுவும் கடல் விட்டால்தான்.

ஆகவே "தேவைப்படும் இடத்தில்" என்பதைப் புள்ளிவிவரத்தில் பார்க்காமல் இறங்குதுறையில் நின்று பார்க்கச் சொல்வேன். படகுக்காசும் போன கூலியும் பெட்டியின் மூன்றாவது அளவில் சேர வேண்டியவை. இதெல்லாம் பயணச் செலவுதானே, மருத்துவச் செலவில்லையே என்று ஒருவர் வாதாடினார். அவர் வீடு ஆஸ்பத்திரிக்கு இரண்டு சந்தி தள்ளி.

நாட்டுக்கு நாடு மார்க் போடுறாங்களாமே? அதைப் பாத்தால் தெரியும்தானே?

போடுகிறார்கள், ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 3.8 என்பது அதுதான். இரண்டு அளவுகோல். ஒன்று சேவை எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது, தடுப்பூசி, கர்ப்பகாலக் கவனிப்பு, காசநோய், பிறஷர், சீனி, கட்டில், ஆளணி என்று 14 விஷயத்தை எடுத்து 100க்கு ஒரு புள்ளி. 2021க்கான கணக்கில் நாங்கள் அறுபதுகளில், அமெரிக்கா எண்பதுக்கு மேல். மேலே இரண்டு கோடிச் சொச்சம் பேர் வெளியே நிற்கிறார்கள் என்று சொன்னேனே, அந்த அமெரிக்காதான். இது நாடு முழுக்கச் சராசரி, வெளியே நிற்கிறவரின் முகம் அதில் தெரியாது.

மற்றது காசு. வீட்டுச் செலவில் 10%, இன்னொரு கணக்கில் 25%, இதற்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அந்தக் குடும்பம் தாங்கமுடியாத செலவில் விழுந்தது என்று பல வருடமாக எண்ணிவந்தார்கள். இதில்தான் எனக்கு ஒரு கோபம். முப்பது குளிசைக்குப் பதில் பத்து வாங்கின அம்மாவின் செலவு என்ன? குறைவு. 10% தாண்டாது. ஆகவே கணக்கின்படி அவர் பாதுகாக்கப்பட்டவர். மருந்தை வாங்காமல் விட்டவர் இன்னும் நன்றாகப் பாதுகாக்கப்பட்டவர்! இந்த அளவுகோலோடு வேலை செய்கிறவர்களுக்கும் இந்த ஓட்டை தெரியும், அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார் என்கிறார்கள். பத்திரிகையில் வருவது ஒன்று மட்டும்தான்.

எல்லா வைத்தியத்தையும் குடுக்கோணும் எண்டால் எந்த நாடு தாங்கும்?

எதுவும் தாங்காது. எல்லாருக்கும் என்பதும் எல்லாமும் என்பதும் வேறு வேறு. எதை முதலில் உள்ளே எடுப்பது என்று வெளிப்படையாகத் தீர்மானித்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் நடக்கக்கூடியது. தாய்லாந்து 2002இல் ஒரு தடவைக்கு 30 பாத் என்று எல்லாரையும் உள்ளே எடுத்தது, அப்போது சிறுநீரக டயாலிசிஸ் அதில் இல்லை, செலவு கூட என்று வெளியே வைத்தார்கள். அதனால் அழிந்த குடும்பங்களைப் பார்த்து 2008இல் உள்ளே எடுத்தார்கள்.

எங்கள் நாட்டின் பிரச்சினை கொஞ்சம் வித்தியாசமானது. பட்டியலில் எது இல்லை என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எல்லாம் உண்டு என்பார்கள், கவுண்டரில் போனால் இன்றைக்கு இல்லை என்பார்கள். இல்லை என்பதையாவது முதலே சொன்னால் அந்தக் குடும்பம் சீட்டாவது பிடிக்கும்.

காசுள்ளவை பிரைவேட்டுக்குப் போகட்டும். ஏழையளுக்கு மட்டும் அரசாங்கம் குடுத்தால் மிச்சம்தானே?

இதை இரண்டு பக்கத்தாரும் கேட்கிறார்கள், வசதியானவரும் வசதியில்லாதவரும். எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, யார் ஏழை என்று பிரிக்க ஒரு கந்தோர், ஒரு படிவம், ஒரு கையெழுத்து வேண்டும். நிவாரணப் பட்டியல்களில் யார் பெயர் வந்தது, யார் பெயர் விடுபட்டது என்ற சண்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பட்டியலுக்கு மயிரிழையில் வெளியே நிற்கிறவர்தான் பெரிய வருத்தம் வந்தால் முழுதாகக் கவிழ்வார்.

இரண்டாவது, இருமலுக்குத் தனியாரில் சனல் பண்ணுகிறவரும் பெரிய விபத்து என்றால் அரச ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறார். அவர் அங்கே வருகிறவரை மின்விசிறி ஓடவில்லை என்று சத்தம் போட ஒரு ஆள் இருக்கிறார், எம்பிக்குப் போன் எடுக்க ஒரு ஆள் இருக்கிறார். அவர் முற்றாக வெளியேறிவிட்டால் அந்த மின்விசிறியை யார் கவனிப்பார்கள்?

சித்த வைத்தியமும் கணக்கில வருமோ?

மேலே சொன்ன 14 விஷயத்தில் வராது. ஆனால் கைதடியில் அரச சித்த வைத்தியசாலை இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள், முறிவு நெரிவுக்கு இன்னமும் பரியாரியிடம்தான் முதலில் போகிற சனம் உண்டு. சனம் நம்பிப் போகிற இடத்தை விட்டுவிட்டு எண்ணுகிற எண்ணிக்கை குறையுள்ளதுதான். சீனிக்குப் போடுகிற குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தவேண்டாம், இதை எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

விசா இல்லாதவனும் "எல்லாரு"க்குள்ளதானே?

இதைக் கேட்டவருக்கு ஜேர்மனியில் தம்பி ஒருவர் அகதி வழக்கில் இருக்கிறார். நியாயமாகப் பார்த்தால் உள்ளேதான், நடைமுறையில் எல்லாருக்கும் என்று பெருமை பேசுகிற நாடுகள் வழுக்குகிற இடம் இதுதான். ஜேர்மனியில் 1993 சட்டப்படி வழக்கில் இருக்கிறவருக்கு ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் கடுமையான வருத்தமும் நோவும் மட்டும்தான் பார்ப்பார்கள். பிரான்ஸில் விசா இல்லாதவருக்கென்று தனித் திட்டம் 2000இலிருந்து உண்டு, மூன்று மாதம் இருந்ததைக் காட்ட வேண்டும். கனடா 2012இல் அகதிகளின் மருத்துவத்தை வெட்டியது, 2014இல் நீதிமன்றம் அது கொடுமை என்று சொன்னது, 2016இல் திருப்பிக் கொடுத்தார்கள். பிரிட்டன் நீண்ட கால விசாவோடு வருகிற பெரும்பாலானவர்களிடமே, 2024 கணக்கில் வருடத்துக்கு 1035 பவுண் வரை, சுகாதாரக் கட்டணமாக முன்கூட்டி வாங்குகிறது, அவர்கள் வேலை செய்து வரி கட்டினாலும்.

எங்கள் சனம் அந்த நாடுகளுக்குப் போய் இறங்கியபோது எல்லாரும் விசாவோடு இறங்கவில்லை. ஆகையால் இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு "அது அவங்கட பிரச்சினை" என்று தள்ள எனக்கு மனமில்லை.

தம்பி, எல்லா மருந்தும் ஆஸ்பத்திரியிலயே கிடைச்சால் உங்கட கடையை என்ன செய்வியள்?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற வாத்தியார், சிரித்துக்கொண்டே கேட்டார், சிரிப்பில் குத்தும் இருந்தது. இங்கிலாந்தில் சனம் மருந்து எடுக்கிற பார்மசிகளில் பெரும்பாலானவை தனியார் கடைகள்தான் சேர். துண்டைக் கொடுத்து மருந்தை எடுப்பார்கள், மிச்சக் காசை அரசாங்கம் கடைக்குக் கட்டும். அப்படி வந்தால் நான் இதே கவுண்டரில்தான் நிற்பேன், பில் மட்டும் வேறு விலாசத்துக்குப் போகும். அரசாங்கம் ஒழுங்காகக் காசு தருமா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவருடைய ஓய்வூதிய நிலுவை எப்போது வந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன், இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர் எடுத்தது பதினாலு நாளைக்கு. மிச்சம் லாச்சிக்குள் கிடக்கிறது, திகதி நுனியோடு.